ஆளுக்கொரு ஒரிஜினல்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பார்த்து "அடுத்து இன்னா படிக்கப் போற?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு பதில் போதும். அதைக் கேட்டு, "நல்லது, நல்லா படி" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னிடம் ஏழு பதில்கள் இருந்தன. கேட்டவர்களுக்குக் காபி ஆறிப்போகும். ஆனாலும் நான் நிறுத்தமாட்டேன்.

அந்த ஏழையும் சொல்லிவிடுகிறேன், இனி ஒளிக்க என்ன இருக்கிறது. இயற்பியல் (நட்சத்திரங்களுக்காக). வரலாறு (கல்வெட்டு படிக்க வேண்டுமாம்). ஷூ டிசைன் (ஆம்பூரில் பிறந்துவிட்டு அது தெரியாவிட்டால் ஊர் சிரிக்கும்). புகைப்படக் கலை. தேனீ வளர்ப்பு. ஜப்பானிய மொழி (ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது). கடைசியாக, தவில்.

தவிலுக்குக் காரணம் இருந்தது. அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கிறார். தோல் எங்கள் ஊரிலேயே மலைமலையாகக் கிடக்கிறது. தாளத்தை மட்டும் வெளியே கற்றுக்கொண்டால் போதும் என்பது என் கணக்கு. இப்படிக் கணக்குப் போடுகிறவளுக்குக் கணிதத்தில் எப்படி நல்ல மதிப்பெண் வந்தது என்று அப்பா வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒன்றைப் பிடி, மற்றதை விடு என்று சொன்னவர்களையெல்லாம் நான் பரந்த நோக்கு இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டேன். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்" என்று தமிழாசிரியை ஒருவர் சொன்னபோது, "மரத்தை வெட்டாமல் இருப்பது நல்லதுதானே மிஸ்?" என்று கேட்டேன். (பதினேழு வயதில் இப்படிப் பேசுவதற்குப் பெயர் அறிவு என்று நம்பியிருந்தேன்.)

அம்மா ஷூ கம்பெனியில் செக்கிங். லைனில் வந்து விழுகிற ஒவ்வொரு ஷூவையும் திருப்பிப் பார்த்து, எங்கே கீறல், எங்கே தையல் தவறியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. வெளிநாட்டிலிருந்து சரக்கு பார்க்க வருகிறவன் கண்ணுக்குத் தப்பினாலும் தப்பும், அம்மா கண்ணுக்குத் தப்பாது. அதே லைனில் மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் எழுதிய பலகை ஒன்று தொங்குமாம். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆகவே என் உயர்கல்வியையும் மணிக்கணக்கில் டார்கெட் போட்டு, அம்மா கொண்டுவந்திருந்த ஷூத் தோல் வெட்ட அளவு காட்டும் ஒரு பழைய பேட்டர்ன் அட்டையின் பின்புறத்தில் கலர் பேனாவால் எழுதினேன்.

காலை ஐந்து முதல் ஆறு தேனீ. ஆறு முதல் ஏழு ஜப்பானியம். ஒன்பது முதல் ஒன்றரை வரை வேலூரில் அரசுக் கல்லூரி, இயற்பியல். இரண்டு முதல் நான்கு ஆம்பூரில் ஷூ டிசைன். ஐந்து முதல் ஏழு குடியாத்தத்தில் தவில். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புகைப்படம். வரலாற்றுக்கு இடமே இல்லாமல் போனதால் அதை பஸ்ஸில் வைத்துக்கொண்டேன்.

அன்று வேலை முடிந்து வந்த அம்மா, அட்டையைச் சுவரில் பார்த்தாள். கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஐந்து நிமிடத்தில் என் எதிர்காலத்துக்கு அம்மை போட்டுவிட்டது. ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் பென்சிலால் குறிப்பு வேறு. "சோறு எப்போ?" "குளியல்?" வேலூரிலிருந்து ஆம்பூருக்கு நான் ஒதுக்கியிருந்த அரை மணி நேரத்துக்குப் பக்கத்தில், "ஏரோப்ளேனா?"

இயற்பியலில் மட்டும் ஸ்டிக்கர் இல்லை. "இந்த ஒரு பீஸ் பாஸ்" என்றாள். "மீதி ரிஜெக்ட்."

அப்பா இன்னும் சுருக்கமாக முடித்தார். "கவர்மென்ட் காலேஜ்ல சீட் கெடைச்சா படிக்கட்டும். கெடைக்கலன்னா கம்பெனி ட்ரெய்னிங். எச்.ஆர்.கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அடுத்த திங்கக்கிழமையே பஸ் ஏறட்டும்."

தனியார் கல்லூரிக்கெல்லாம் எங்கள் வீட்டில் வழியில்லை. ஆக, அரசுக் கல்லூரிக் கலந்தாய்வில் ஒரு சீட்டு, இல்லாவிட்டால் அம்மா ஏறுகிற அதே கம்பெனி பஸ். வேறு எவளாக இருந்தாலும் இதைக் கேட்டுப் பயந்து, வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இருந்திருப்பாள். நான் என் திட்டத்தை ரகசியமாக அமல்படுத்தத் தொடங்கினேன்.

தேனீயையும் ஜப்பானையும் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைத்தேன். (நானும் விட்டுக்கொடுக்கத் தெரிந்தவள்தான்.) குடியாத்தத்தில் ஒரு லுங்கி கோடவுனின் மாடியில் நுண்கலைக் கல்லூரி என்று பலகை தொங்கியது. ஆம்பூரில் அமீன் பாய் என்பவர் ஷூ டிசைன் டிப்ளமோ நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் பணம் கேட்கவில்லை. "ஃபீஸ் மெதுவா பாத்துக்கலாம், ஒரிஜினல் ஏதாச்சும் ஒண்ணு குடுத்து வெச்சிட்டுப் போம்மா" என்றார்கள். சேருகிற பிள்ளை நாளைக்கு வேறு இடத்துக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக இப்படி அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பது தெரிந்த வழக்கம்தான்.

என்னிடம் மூன்று ஒரிஜினல் இருந்தன: பள்ளி கொடுத்த மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி, ப்ளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ். சேரவேண்டிய இடமும் மூன்று. இதைவிட நியாயமான பங்கீடு உலகத்தில் உண்டா? டிசியைத் தவிலுக்குக் கொடுத்தேன். மார்க் ஷீட்டை அமீன் பாயிடம் கொடுத்தேன். சாதிச் சான்றிதழ் அரசாங்கம் கொடுத்தது, ஆகவே அது அரசுக் கல்லூரிக்கு. கொடுத்த இரண்டுக்கும் பதிலாக பஸ் ஸ்டாண்டு கடையில் கலர் ஜெராக்ஸ் எடுத்து, அம்மா இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஃபைலில் செருகிவிட்டேன் (பெட்டிச் சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும்). அசலைவிட நகல் பளிச்சென்று இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கலந்தாய்வு ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா கம்பெனிக்கு முழுநாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, ஃபைலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி ஹாலில் தரவரிசைப்படி பெயர் கூப்பிட்டார்கள். எந்தப் பாடத்தில் எத்தனை சீட் மீதி என்று பலகையில் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் பெயர் வந்தபோது பத்தரை மணி. இயற்பியலில் நான்கு இடம் இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஒரு பேராசிரியர்.

"எந்த மேஜர் வேணும்மா?"

"பிசிக்ஸ் சார்."

"நல்லது. ஒரிஜினல் குடு."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பஸ்ஸில் வரலாறு படிக்கிற ஏற்பாடு எனக்கே கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தது.

"சார், ஒரு சின்ன சந்தேகம். காலை ஷிஃப்ட்ல பிசிக்ஸ் எடுத்துக்கினு, மத்தியான ஷிஃப்ட்ல ஹிஸ்டரியும் எடுத்துக்கலாமா?"

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

"நான் ஒருத்திதான் சார்."

"அப்ப ஒரு சீட்டு போதும்."

பக்கத்து மேசையில் சிரிப்பு. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் ஃபைலைத் திறந்தார். டிசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலை நாக்கில் தொட்டு, பள்ளி முத்திரையின்மேல் தேய்த்தார். ஊதா மை கொஞ்சமாவது இழுகியிருக்க வேண்டும். இழுகவில்லை. மார்க் ஷீட்டையும் தேய்த்தார். அதுவும் அசையவில்லை.

"ரெண்டும் கலர் ஜெராக்ஸ். சாதிச் சான்றிதழ் மட்டும்தான் ஒரிஜினல்."

"அது உங்களுக்குன்னு வெச்சது சார்" என்றேன் பெருந்தன்மையோடு.

அம்மா அந்த இரண்டு தாள்களையும் வாங்கி, ஷூவைத் திருப்புவதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். தையல் நூல் அரைச் சுற்று பிசகினாலும் பிடிக்கிற கண் அது. அவளுக்கு வந்த முதல் கோபம் என்மேல்கூட இல்லை.

"வீட்டுச் சரக்குதானேன்னு செக் பண்ணாம விட்டுட்டேன்" என்றாள் தனக்குத்தானே. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மலரு, ஒரிஜினல் எங்க?"

சொன்னேன். மூன்று இடம், மூன்று சான்றிதழ், நியாயமான பங்கீடு. சொல்லச் சொல்லவே அதிலிருந்த நியாயம் என் காதிலேயே தேய்ந்துகொண்டு வந்தது. பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து அல்ல.

"நாலு மணிக்கு டேபிள மூடிடுவோம்மா. அதுக்குள்ள ஒரிஜினல் கொண்டாந்தா, பிசிக்ஸ் மிச்சம் இருந்தா பிசிக்ஸ். இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்காகப் பிடிச்சு வைக்க முடியாது."

வெளியே வந்ததும் அம்மா தன் தம்பிக்கு போன் போட்டாள். சேகர் மாமா லோடு வண்டி ஓட்டுகிறவர். அன்றைக்கு ராணிப்பேட்டையில் தோல் ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போக, வேலூரைத் தாண்டிக்கொண்டிருந்தார். அரை மணியில் கல்லூரி வாசலில் வண்டி நின்றது. பின்னால் வெட் ப்ளூ லோடு. அதாவது, குரோம் போட்டு நீலம் பாய்ந்த ஈரத்தோல். அதன் வாசனை எங்களுக்குப் பழக்கம். மற்றவர்கள் அதை வாசனை என்று சொல்லமாட்டார்கள்.

"இன்னாக்கா, சீட் கெடைச்சிடுச்சா?" என்றார் மாமா, கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு.

"அத உள்ள வையி. குடியாத்தம் போ" என்றாள் அம்மா.

முன் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம். வழியில் கே.வி.குப்பம் வரைக்கும் அம்மா மடியிலிருந்த ஃபைலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பதினாறு வருஷமா அந்த பஸ்ல ஏறுறேன்டி. காலையில ஏறும்போது காலேஜ் பசங்க எதிர்த்த ஸ்டாப்புல நிக்கும், புக்கை மாருல அணைச்சுக்கினு. ஒருநாள் அந்தக் கூட்டத்துல எம் பொண்ணு நிக்கணும், நான் பஸ் ஜன்னல்லருந்து பாத்துக்கினே போணும். அவ்ளோதான் நான் கேட்டது. அதுக்குத்தான் அந்த ஃபைலைப் பொட்டியில வெச்சுப் பூட்டுனேன். நீ அதையும் தொறந்து ஊருக்குப் பங்கு வெச்சிட்டு வந்துட்ட."

அழுதாள். சத்தமில்லாமல், பட்டுப்புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. எனக்கு அந்த நிமிடம் நட்சத்திரமும் ஞாபகமில்லை, தவிலும் ஞாபகமில்லை. கேவலமாக இருந்தது. மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுத்து, நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். மாமா என்ன செய்வதென்று தெரியாமல், முன்னால் யாருமே இல்லாத ரோட்டில் ஹாரன் அடித்தார்.

குடியாத்தத்தில் லுங்கி கோடவுன் மாடிக்கு ஏறியபோது மணி பன்னிரண்டு. நுண்கலைக் கல்லூரியின் முதல்வரும், தவில் மாஸ்டரும், எழுத்தரும் ஒருவரே. நெற்றி நிறையத் திருநீறு. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வா வா! கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே குடும்பத்தோட வந்திருக்கியே!"

"ஐயா, பொண்ணோட டிசி வேணும். காலேஜ்ல சேக்கணும்" என்றாள் அம்மா.

"இதுவும் காலேஜ்தாம்மா."

மாமா குறுக்கே புகுந்து, நான்கு மணி, பிசிக்ஸ், கடைசி நாள் என்று எல்லாவற்றையும் சொன்னார். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"கஷ்டம் புரியுது. ஆனா ஸ்கூல் டிசி இங்க ரிஜிஸ்தர்ல ஏறிடுச்சு. ஒருதபா ஏறுனா எறங்காது. இனிமே இந்தப் பொண்ணுக்கு டிசி குடுக்க வேண்டிய ஆளு நான்தான்."

"அப்ப நீங்களே குடுங்க."

"குடுத்துடலாம். நூலகர்கிட்ட நோ டியூஸ் வாங்கியாந்துடுங்க."

"அவரு எங்க இருக்காரு?" என்றார் மாமா.

மாஸ்டர் எழுந்தார். இரண்டடி நடந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் மூன்று புத்தகங்கள் இருந்தன. அவற்றைத் தொட்டு எண்ணிவிட்டு, "புத்தகம் பாக்கி இல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஜன்னலோரத்து நாற்காலிக்குப் போனார். அங்கே அவர் வாத்தியப் பொறுப்பாளர். "தவில் எதனா வீட்டுக்கு எடுத்துக்கினு போனியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கும் கையெழுத்து. கடைசியில் முதல்வர் நாற்காலிக்குத் திரும்பி, நாங்கள் அப்போதுதான் உள்ளே வருகிறோம் என்பதுபோல் "உக்காருங்க" என்றார்.

இன்னும் கொடுமை என்னவென்றால், கல்லூரி தொடங்கி அவர் எழுதுகிற முதல் டிசி அது. வந்து சேர்ந்தவர்களே இரண்டு பேர்தான், போகிறவள் நான் ஒருத்திதான். அதனால் மை பேனாவைக் கழுவி நிரப்பி, கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுவதுபோல் சுழித்துச் சுழித்து எழுதினார். இருபது நிமிடம் ஆனது. முடித்ததும் அவரே உரக்க வாசித்தார்.

"பயின்ற பாடம், தவில். நடத்தை, மிக நன்று. வருகை, நூறு விழுக்காடு."

செக்கிங் புத்தி எங்கே போகும்? "ஒருநாள்கூட வரலியேய்யா?" என்றாள் அம்மா.

"வகுப்பே இன்னும் ஆரம்பிக்கலியேம்மா. நடக்காத வகுப்புக்கு உங்க பொண்ணு ஒருநாளும் மட்டம் போடல." மறுபடி தாளைப் பார்த்தார். "கல்லூரியை விட்டு விலகும் காரணம், மேற்படிப்பு."

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு முத்திரையைக் குத்தினார். பள்ளி டிசியின் நகலிலும் ஒரு குத்து. "ஸ்கூல் டிசி நகலையும் சேத்துக் குடு, கேப்பாங்க" என்று அவரே சொன்னார். எங்களுக்கு ஆத்திரமும் அவசரமும் இருந்ததே தவிர, அந்த மனிதர்மேல் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. படி இறங்கும்போது சேகர் மாமா டிசியை என்னிடமிருந்து வாங்கி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"எதுக்கு மாமா?"

"தொலைஞ்சு கிலைஞ்சு போச்சுன்னா?" என்றார். அன்றைக்கு அதை நம்பினேன்.

ஆம்பூருக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஆம்பூரில் காரியம் பார்க்கக் கிளம்புகிறவளை என்னவென்று சொல்வது? பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருக்கிறேன். ஜும்மா நேரத்தில் கடைத்தெருவில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அமீன் பாயின் ஆபீஸ் பூட்டியிருந்தது. மேசை டிராயர் சாவியும் அவரோடு மசூதிக்குப் போயிருந்தது. வண்டியிலிருந்த லோடை இறக்கிவிடலாம் என்றால், இறக்குகிற ஆட்களும் தொழுகையில்.

"சாப்புடுவோம்" என்றாள் அம்மா.

"நேரமாவுதும்மா!"

"நீ பட்டினி கெடந்தா பாய் பாதித் தொழுகையில எழுந்து வந்துடுவாரா?"

பக்கத்துக் கடையில் மூன்று பிரியாணி வாங்கிக்கொண்டு வந்து, வெட் ப்ளூ லோடுக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டோம். ஆம்பூர் பிரியாணி தொண்டையில் இறங்காத நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். மாமா என்னுடைய முட்டையையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இரண்டு பத்துக்கு அமீன் பாய் தொப்பியோடு வந்தார். அம்மா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டிராயரைத் திறந்து, தோல் மாதிரித் துண்டுகள் ஒட்டிய ஆல்பத்தை எடுத்து, பழுப்பு நிறத் தோல்கள் இருந்த பக்கத்திலிருந்து என் மார்க் ஷீட்டை உருவிக் கொடுத்தார்.

"கசங்காம இருக்கட்டும்னு இதுல வெச்சேம்மா. எடுத்துக்கினு போங்க, டைம் கம்மியா இருக்கு." அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குப் புத்தி சொல்லாத ஒரே மனிதர் அவர். அதற்காகவே அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

திரும்பவும் வேலூர். டோல்கேட்டில் வரிசை. லோடு வண்டி எத்தனை வேகம் போகுமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மாமா ஓட்டினார். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த தோல் தன் முழுத் திறமையையும் காட்டத் தொடங்கியிருந்தது. கல்லூரி வாசலில் வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு கையை மட்டும் ஆட்டி, உள்ளே போ என்றாரா வெளியே போ என்றாரா என்று தெரியவில்லை. மாமா உள்ளே என்று எடுத்துக்கொண்டார். மணி மூன்று ஐம்பது.

பலகையில் இயற்பியலுக்கு நேராக ஒன்று என்று எழுதியிருந்தது. மேசைக்கு எதிரே, எனக்கு முன்னால் ஒரு பையன் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பிசிக்ஸா கெமிஸ்ட்ரியா என்று அவனுக்குக் குழப்பம். "சீக்கிரம் சொல்லுப்பா" என்றார் பேராசிரியர்.

அம்மா போய் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன்னோடு அரை லோடு வெட் ப்ளூ வாசனையையும் கொண்டுபோனாள்.

"தம்பி, கெமிஸ்ட்ரி எடுப்பா. எங்க ஊரு டேனரி பூராவும் கெமிஸ்ட்ரிதான். படிச்சு முடிச்ச அன்னைக்கே வேலை. இரு, இன்னும் கிட்ட வந்து சொல்றேன்."

"கெமிஸ்ட்ரி சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பையன் ஓடிவிட்டான். (தம்பி, நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு. என்னால் உன் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டதோ என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். ரொம்ப நேரம் இல்லை.)

பேராசிரியர் மார்க் ஷீட்டை விரலால் தேய்த்தார். சரி என்று வைத்தார். டிசியை எடுத்தார். கண்ணாடியை இறக்கினார். ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

"தவிலா?"

"ஆமா சார்."

"காரணம், மேற்படிப்பு." பக்கத்து மேசைக்காரருக்கும் கேட்கும்படி வாசித்தார். "தவிலுக்கு மேற்படிப்பு பிசிக்ஸாம்மா?"

"பிசிக்ஸ்ல ஒலியியல் வருது சார்" என்றேன். பின்னாலிருந்து அம்மா ஒரு கிள்ளு கிள்ளினாள், அந்தத் தழும்பைத் தேடினால் இன்றைக்கும் கிடைக்கும்.

அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குள் போனார். உள்ளேயிருந்து ஒரு பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன், ஏழு ஆசையையும் காணிக்கையாகத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பேராசிரியர் திரும்பி வந்தார். "கடைசியா சேர்ந்த இடத்து டிசி இருக்கணும்ங்கிறதுதான் ரூல். இது கடைசியா சேர்ந்த இடம்தானே? முதல்வர் வாங்கிக்கச் சொல்லிட்டாரு." மூக்கை உறிஞ்சினார். "அப்புறம், இது என்ன நாத்தம்னும் கேட்டாரு."

பலகையில் இருந்த ஒன்றை அழித்துச் சுழியம் போட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து, காலையில் உள்ளே வைக்கச் சொன்ன ஸ்வீட் பாக்ஸை எடுத்து, ஒரு துண்டை மாமா வாயில் போட்டாள், ஒரு துண்டைத் தன் வாயில் போட்டாள். எனக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள். மூன்று வருடம் காலையில் எதிர்த்த ஸ்டாப்பில் நின்றேன். கம்பெனி பஸ் போகும்போது ஜன்னலில் அவள் முகம் தெரியும். ஒருநாளும் கை ஆட்டியதில்லை, பார்த்துக்கொண்டே போவாள்.

இப்போது ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒரே ஒரு பாடம், ஒரே ஒரு வேலை. கதை இத்தோடு முடிந்திருந்தால் மானத்தோடு இருந்திருப்பேன்.

ஆனால் சேகர் மாமா அந்த டிசியின் படத்தை அன்றைக்கே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். முழுக் கதையையும் எழுத அவருக்குச் சோம்பல். வெறும் படமும், அடியில் ஒரு கைதட்டும் மட்டும். நெமிலிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அதை எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டார்கள். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் "இன்னாமா, கச்சேரியெல்லாம் எப்டி போவுது?" என்பார்கள். முதலில் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் "பரவால்ல, போவுது" என்று சொல்லப் பழகிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

போன ஆவணியில் நெமிலியில் ஒரு காதுகுத்து. நாதஸ்வரக்காரர் வந்துவிட்டார். தவில் அவரோடு வேனில் வந்துவிட்டது. தவிலடிக்கிறவர் மட்டும் தனியாக பைக்கில் கிளம்பி, வழியில் பஞ்சராகி நின்றுவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. குழந்தையின் பாட்டனார் பந்தலைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"நம்ம மலரு இருக்கும்போது இன்னா கவலை? எழுந்து வாம்மா."

"ஐயோ, எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க!"

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என் அடக்கத்தை மெச்சிச் சிரித்தார்கள். சேகர் மாமா செல்போனை எடுத்துப் படத்தைத் தேட ஆரம்பித்தார். காப்பாற்று என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொடவைய இழுத்துச் சொருவிக்கினு போய் உக்காரு. நூறு பர்சன்ட் வருகை எடுத்தவ தெரியாதுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

உட்கார்ந்தேன். நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். கம்பை எடுத்து, கண்ணை மூடி, இரண்டு போடு போட்டேன். காது குத்துகிறவர் ஊசியை இன்னும் கையிலேயே எடுக்கவில்லை, அதற்குள் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டது.